கட்டைவிரல் தட்டு

எனக்குச் சுத்தம் என்றால் ஒரு கிறுக்கு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் மூன்று ஸ்டாப் தள்ளாடிக்கொண்டே போவேனே தவிர, அதில் கையை வைக்க மாட்டேன். அப்படிப்பட்டவளின் கட்டைவிரலில்தான் எங்கள் கம்பெனி பதினொரு வருஷம் கிருமி வளர்த்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இதற்கப்புறம் சிரிக்க அதிகம் இல்லை.

என் பெயர் சண்முகவடிவு. மதுரைக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில், வெள்ளியையும் பாலிமரையும் சேர்த்துக் கிருமியைக் கொல்லும் பூச்சு செய்யும் கம்பெனி. அதில் சோதனைக்கூடம் என் பொறுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டில், ரயில் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான் எல்லாவற்றிலும் பூசுவதற்கான சரக்கு. சோதனை சுலபம். வட்டத் தட்டில் ஜெல்லி மாதிரி அகார் ஊற்றி, அதன்மேல் கிருமியைத் தடவி, நடுவில் பூச்சு பூசிய சின்ன வில்லையை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால் பூச்சு பாஸ்.

கூடவே இன்னொரு தட்டு உண்டு. அதில் பூச்சு கிடையாது. கிருமி முளைத்தே ஆக வேண்டும். முளைத்தால்தான் அகார் நல்ல அகார், சோதனையை நம்பலாம். மற்ற இடங்களில் இதற்கு விலைக்கு வாங்கிய கிருமியை வைப்பார்கள். எங்களிடம் அது என் கட்டைவிரல். முதல் வருஷம், வரவேண்டிய கிருமிக் குப்பி வழியில் வெயிலில் கெட்டுப்போனது. சரக்கு வாங்க பார்ட்டி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவசரத்தில் என் கட்டைவிரலை அகாரில் அழுத்தி மூடிவைத்தேன். மறுநாள் அமோகமாக முளைத்தது, ஆர்டரும் கிடைத்தது. அன்றிலிருந்து அது ராசியாகிவிட்டது. தணிக்கைக்கு வந்தவர்கள் திட்டியதால் முறையான கிருமியையும் வைத்தோம். ஆனாலும் திங்கட்கிழமை தவறாமல் என் விரல் ஒரு தட்டில் பதியும். மூடியில் மார்க்கரால் 'வடிவு' என்று எழுதுவது கயல்.

கயல் என்கிற அங்கயற்கண்ணி என் உதவியாளர். ஜனவரியில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு செவ்வாய்க்கிழமை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், "மேடம், உங்க விரல் முளைக்கல" என்றாள்.

"அகார் கெட்டிருக்கும். தூக்கிப் போடு."

"அதே அகார்லதான் மேடம் மத்ததெல்லாம் முளைச்சிருக்கு."

"அப்ப நான் கையை நல்லாக் கழுவியிருக்கேன். அதுவும் ஒரு குத்தமா?"

அடுத்த வாரமும் முளைக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். குறிப்பேட்டில் 'கை கழுவியது, வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டு, கட்டைவிரல் தட்டு வைப்பதையே நிறுத்தினேன். முறையான கிருமிதான் இருக்கிறதே, எதற்கு இந்த மூடநம்பிக்கை என்று கயலிடம் பெரிதாக வியாக்கியானம் வேறு செய்தேன்.

அதே மாதத்தில்தான் சவரிமுத்து விவகாரம். சோதனைக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். கேன்டீனில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவருக்கு மட்டும் பேப்பர் கப். யாரும் உத்தரவு போட்டு அப்படிச் செய்யவில்லை, அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நானும் அதே கேன்டீனில்தான் தினமும் டீ குடித்தேன். கேட்டில் இருக்கும் வருகைப் பதிவு மெஷினில் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடம். அதில் அத்தனை பேரும் கட்டைவிரல் வைக்க வேண்டும். ஒரு நாள் மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. நுனி முழுக்கக் கரி பிடித்த மாதிரி கறுத்திருந்தது.

சுகாதாரக் கமிட்டிக்கும் நான்தான் தலைவி. கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவர் விரலைத் தேய்த்தேன். சுற்றியிருந்த தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

"நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன் மேடம். என்ன தேய்ச்சாலும் போகல. வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா இப்படி?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து மேடம்."

'தோல் நோயாக இருக்கலாம், வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் மறந்தும் போனேன்.

மார்ச்சில் கயலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில். பார்க்கப் போன என்னை உட்காரக்கூட விடவில்லை.

"மேடம், நீங்கதான் சேனை வைக்கணும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைப்பது எங்கள் பக்கம் விடாத வழக்கம். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர்கள் தலையிலடித்துக்கொண்டாலும், போர்வைக்குள் மறைத்தாவது வைத்துவிடுவார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாதா?

"படிச்சவதானே நீ? இதெல்லாம் வேணுமா?" என்றேன்.

"யாரு சேனை வைக்கிறாங்களோ அவங்க மாதிரிதான் வருமாம். உங்களை மாதிரி சுத்தமா, கெட்டிக்காரியா வரட்டும் மேடம்."

இப்படிச் சொன்னால் எவளுக்குத்தான் மறுக்க மனசு வரும்? கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆள்காட்டி விரலால் ஒரே சொட்டு. அந்தப் பொடிசு நாக்கை நீட்டி என் விரலை உறிஞ்சியது.

பத்து நாள் கழித்துக் கயல் போன் செய்தாள். "மேடம், இவ அதிசயப் பிறவி. கக்கா போனா வாடையே இல்ல."

"பின்ன? சேனை வச்சது யாரு?" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வீட்டில் அப்போது மூன்று மாதமாகத் தயிர் உறையவில்லை. பங்குனி வெயிலில் பால் உறையாமல் கிடக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பால்காரரோடு சண்டை போட்டதுதான் மிச்சம்.

இருபத்தி நாலாம் நாள் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று கிலோவாகப் பிறந்தது, இரண்டேகால் கிலோவாகிக் கிடந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. குழந்தை மருத்துவர் ரஃபீக் எங்களை அறைக்குள் கூப்பிட்டார்.

"மூணு தடவை மலத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு கிருமிகூட இல்ல. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வயித்தை நான் பார்த்ததில்ல. குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க? நாட்டு மருந்தா? மறைக்காமச் சொல்லுங்க."

"கிருமி இல்லாட்டி நல்லதுதானே டாக்டர்?" என்றாள் கயல்.

"வயித்துல கிருமி இல்லாம யாரும்மா உயிரோட இருக்க முடியும்? பாலைச் செரிக்க வைக்கிறதே அதுங்கதான். நானும் நல்ல கிருமியாக் கொடுத்துப் பாத்துட்டேன். உள்ள போனதும் செத்துப்போகுது. எது கொல்லுதுன்னு தெரியல. இப்படியே போனா ஒரு வாரம் தாங்குறதே கஷ்டம்."

"தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கல டாக்டர். சத்தியமா. சேனை மட்டும் வச்சோம்."

"யார் வச்சது?"

கயல் என்னைப் பார்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜனவரி மாதத் தட்டு, மூடியில் என் பெயர், உள்ளே வெறும் அகார். அத்தனையும் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றது. நாற்காலியின் கையைப் பிடிக்கப் போனவள், பிடிக்க பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"டாக்டர், உங்க லேப்ல நாலு அகார் தட்டு கிடைக்குமா?" என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

என் விரல், கயல் விரல், டாக்டர் விரல், தெருவில் போன ஒரு ஆட்டோக்காரரின் விரல். மறுநாள் காலை ஆட்டோக்காரருடைய தட்டு புள்ளிபுள்ளியாக முளைத்து நிரம்பியிருந்தது. மற்ற மூன்றும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. ரஃபீக் தன் தட்டை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்.

"நான் எப்படிங்க? நான் உங்க கம்பெனிப் பக்கமே வந்ததில்லையே."

"குழந்தையைத் தொட்டீங்களே டாக்டர்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"எங்க பூச்சுல வெள்ளிதான் கிருமியைக் கொல்லும். பாலிமர் அதைப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா கைப்பிடியில நாலு பேர் கை பட்டா பூச்சு தேஞ்சுபோகும். அதனால, தேஞ்ச இடத்தைத் தானே மறுபடி நெய்துக்கிற மாதிரி போன வருஷம் மாத்தினோம்."

"நெய்யறதுக்கு நூல் வேணுமே. எதை வச்சு நெய்யும்?"

"கையில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை வச்சு. அது கைப்பிடியில படிஞ்சுகிட்டே இருக்குமில்ல? கைப்பிடியிலேயே இருந்துக்கும்னு நெனச்சோம். அது கைக்கு ஏறிடுச்சு. கையிலதான் அதுக்குச் சாப்பாடு அதிகம். எங்க கேட்ல ஒரு விரல் ரேகை மெஷின் இருக்கு, எல்லார் விரலும் ஒரே இடத்துல. எங்க லேப் ஆளுங்க கையிலயிருந்து அதுல படிஞ்சு, அங்கயிருந்து எல்லாருக்கும் போயிருக்கு."

"கழுவினா?"

"போகாது. கழுவினாலும் போகாதுங்கிறதுதான் எங்க விளம்பரமே."

ரஃபீக் தன் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மேடம், பால்லயும் கொழுப்பு இருக்கே."

அதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்தக் குழந்தை குடிக்கும் ஒவ்வொரு வாய்ப் பாலும் உள்ளே போய்ப் பூச்சாக மாறிக்கொண்டிருந்தது. நான் வைத்த ஒரு சொட்டு இப்போது குடல் முழுக்கப் படர்ந்திருக்கும். பெரியவர்கள் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிக் கூட்டம் அதை இன்னும் தாங்குகிறது, பிறந்த குழந்தைக்கு அந்தக் கூட்டமே கிடையாது. கயல் என்னைத் திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே மேடம் உங்களை வைக்கச் சொன்னேன்" என்றாள். அறைந்திருந்தால் தேவலை.

அன்று கம்பெனிக்குத் தகவல் சொல்லி மெஷினை நிறுத்த வைத்தேன். பதினாலு ஊர்களுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம், எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும் என்றேன். எம்.டி. முதலில் நம்பவில்லை. அவர் விரலையே தட்டில் வைக்கச் சொன்னேன். மறுநாள் அவர் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் அதனால் குழந்தைக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

வார்டுக்குத் திரும்பினேன். கயல் கட்டிலருகே தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, தன் கொலுசைக் கழற்றிப் பல் துலக்கும் பொடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது அவளுக்கு.

"எப்படிக் கறுத்துப்போச்சு பாருங்க மேடம். வீட்டுக்குப் பின்னாடி சாக்கடை அடைச்சுக்கிட்டு ஒரு வாரமா ஒரே நாத்தம். அந்தக் காத்து பட்டாலே வெள்ளி கறுத்துரும்."

சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே நின்றேன். சாக்கடைக் காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்த வெள்ளி யாரையும் கொல்லாது, அதோடு அதன் ஜோலி முடிந்தது. வேதியியல் முதல் வருஷத்துப் பாடம் அது. கறுத்த கட்டைவிரல் ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த என் கை ஞாபகத்துக்கு வந்தது.

ரஃபீக்கைத் தேடி ஓடினேன். "டாக்டர், எங்க மெஷின்ல விரல் வச்ச எல்லார் மேலயும் பூச்சு ஏறியிருக்கு. ஒருத்தர் விரல்ல மட்டும் அது செத்துப்போச்சு. அவர் கையில இருக்கிற சாக்கடைக் கிருமி அந்தக் காத்தை விட்டு விட்டு வெள்ளியைக் கறுக்க வச்சிருக்கு."

"அந்தக் காத்து விஷம் மேடம். குழந்தைக்கு எப்படிக் கொடுக்கிறது?"

"காத்து வேணாம். அதை இத்துனூண்டு இத்துனூண்டா விடுற கிருமி வேணும். நம்ம வயித்துலயே அந்த ஜாதி உண்டே?"

'ஜாதி' என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேப்பர் கப் ஞாபகம் வந்தது.

"உண்டு. அதுல வெள்ளிக்குச் சாகாதது கிடைச்சா..." ரஃபீக் எழுந்துவிட்டார். "யார் அவர்? எங்க இருக்கார்?"

எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கான்ட்ராக்டரிடம் விசாரித்துப் போனால், ராமநாதபுரம் ரோட்டில் ஒரு பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் சவரிமுத்து வண்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். முதலில் அவர் பார்த்தது என் கைகளை.

"கையுறை போடாம வந்திருக்கீங்க மேடம்."

நான் நடந்ததைச் சொன்னேன். தப்பு என் கையில்தான் என்றும் சொன்னேன். முடித்ததும் அவர் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கறுப்பு அப்படியே இருந்தது.

"கயல் பொண்ணோட கொழந்தையா? அது ஒண்ணுதான் என்னைய அண்ணேன்னு கூப்பிடும்." கொஞ்சம் பொறுத்து, "நோயாளின்னு எழுதிக் குடுத்தீங்களே. அதக் காட்டி வேற ரெண்டு எடத்துலயும் என்னையச் சேக்கல. தெரியுமா மேடம்?" என்றார்.

"தெரியாது." எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மாத்தி எழுதித் தர்றேன். மறுபடி வேலைக்கும்..."

"எழுதித் தாங்க. வேலைக்கு வர மாட்டேன். கொழந்தைக்கு வாரேன். அது வேற, இது வேற." கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

ஒரு தட்டில் அவர் கட்டைவிரலைப் பதித்து, பக்கத்திலேயே எங்கள் வெள்ளி வில்லை ஒன்றை வைத்தோம். மறுநாள் காலை அதைப் பார்த்தபோது நானும் ரஃபீக்கும் விக்கித்துப் போனோம். பதினொரு வருஷத்தில் எந்தக் கிருமியும் அந்த வில்லையின் அருகில் வந்ததில்லை. இது வில்லையைச் சுற்றி வளைத்து, மேலேயும் ஏறி முளைத்திருந்தது. வில்லை கறுத்துக் கிடந்தது. வட்டம் என்று எதுவுமே இல்லை. என் சோதனைப்படி அந்தப் பூச்சு ஃபெயில். என் சரக்கு ஃபெயிலானதற்கு நான் அழுதுகொண்டே சிரித்தது அன்றைக்குத்தான்.

முளைத்ததில் ஆபத்தானவற்றை ஒதுக்கி, எல்லோர் வயிற்றிலும் சாதாரணமாக இருக்கும் ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் குழந்தை இரண்டு கிலோவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கமிட்டி ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டது. ரஃபீக் சொட்டு மருந்துக் குழாயில் அந்தக் கலங்கல் தண்ணீரை எடுத்தார். சவரிமுத்து வார்டுக்கு வெளியே, சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், குழாய் வேணாம்" என்றாள் கயல். "அண்ணே, உள்ள வாங்க. நீங்களே வைங்க."

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. "வேணாம் தாயி. சேனை வச்சவுங்க மாதிரிதான் புள்ள வரும்பாக. எம் பொழப்பு அதுக்கு எதுக்கு?"

"ஒரு தடவை அப்படி யோசிச்சுத்தான் ஆள் பிடிச்சேன் அண்ணே. இப்ப எனக்குப் புள்ள உசுரோட இருந்தாப் போதும். உங்க மாதிரியே வரட்டும், நீங்க வாங்க."

ரஃபீக் என்னைப் பார்த்தார். அந்த விரலில் இல்லாத எதுவும் இந்தக் குழாயில் இல்லை, விரலைச் சுத்தம் செய்துவிட்டு அதிலேயே விடுங்கள் என்றேன். கறுத்த கட்டைவிரலில் ஒரு சொட்டு. குழந்தை முதலில் உதட்டைத் திறக்கவே இல்லை. பிறகு திறந்தது.

மூன்றாம் நாள் காலை கயலின் அலறல் கேட்டு வராந்தாவிலிருந்து ஓடினேன். போச்சு என்றுதான் நினைத்தேன். அவள் குழந்தை கக்கா போன துணியை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நாறுது மேடம்" என்றாள், "எப்படி நாறுது பாருங்க." நானும் வாங்கி மோந்து பார்த்தேன். பஸ் கம்பியைப் பிடிக்காத நான்.

குழந்தை தேறிவிட்டது. இப்போது அந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு ஊர் ஊராகக் கார்கள் வருகின்றன. வண்டி கழுவுவதற்காக அல்ல, எங்கள் பூச்சு ஏறிய விரல்களை அவர் கட்டைவிரலில் ஒற்றிக்கொள்வதற்காக. எம்.டி. இரண்டு தடவை போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தார். மாற்றி எழுதிய கடிதத்தை நான் நேரில் கொடுத்தேன். சவரிமுத்து அதை முழுக்க வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. என் விரலை அவரிடம் நீட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் கயல் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போனபோது நானும் கூடப் போனேன். புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி குழந்தையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சால் எதையோ அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை எந்நேரமும் வாயில் போட்டுச் சப்பும் கட்டைவிரல் அது. நுனியில் கறுத்திருந்தது.

"என்ன அழுக்கோ தெரியல மேடம், ஸ்பிரிட் போட்டும் போகல. கொழந்தையை இப்படியா வச்சுக்கிறது?" என்று கயலைக் காட்டி என்னிடம் அலுத்துக்கொண்டாள். "உங்க கை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

"தேய்க்காதீங்க சிஸ்டர்" என்றேன். "அது அழுக்கு இல்ல."

பஞ்சை அவளிடமிருந்து வாங்கிக் குப்பையில் போட்டேன். பிறகு என் கட்டைவிரலைக் குழந்தையிடம் நீட்டினேன். ஈரம் காயாத அந்த விரல்களால் அது என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அதுவாக விடுகிறவரை நான் கையை எடுக்கவில்லை.